கம்பி உயரம் நாலரை மில்லி

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், அங்கே உன் உடம்பும் மனதும் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். இப்படித்தான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். ஆனால் சௌக்கியம் என்று எழுதியது அப்பாவுக்கு மட்டும்தான் பொருந்தும். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, புதன்கிழமையிலிருந்து கோபம் மட்டும் மூக்குக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போனில் ஆரம்பித்தால் நான் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்று சிரித்தே பேச்சை மாற்றுவாய், கடைசியில் இன்றைக்கு என்ன சமையல் என்பதில் போய் முடியும். அதனால் காகிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, துணி வெட்டும் மேஜையில் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, மெஷின்கள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன, என்னைத் தடுக்க ஆளில்லை. நாளைக் காலையில் கூரியரில் போட்டால் வியாழக்கிழமை உன் கைக்கு வந்துவிடும், முதல் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. இதைப் படித்து முடிக்கும்வரை அந்த ராஜினாமாக் கடிதத்தில் நீ கையெழுத்துப் போடக் கூடாது. இது புத்திமதி இல்லை, உத்தரவு.

அப்பாவின் முழங்கால் தேவலை. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், இவர் தெருமுனை பேப்பர்க் கடை வரை போய் அங்கே ஒரு மணி நேரம் நின்று பேசிவிட்டு வந்து, ஒரு மணி நேரம் நடந்தேன் என்கிறார். கடைக்குப் புதிதாக ஒரு காஜா மெஷின் வந்திருக்கிறது, சட்டைக்குப் பட்டன் துளை போடுவது இனி கை வலிக்காத வேலை. மழைக்கு மேற்குச் சுவர் ஓதம் காத்துவிட்டது. இதெல்லாம் இருக்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதுதான் எனக்கு நாள் முழுக்கக் காதில் ஓடுகிறது. அந்தப் பல் லேபில் நீ சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுக்குப் பொருத்தமாகப் பல் செய்யும் வேலை, அரிசி மணி அளவுக்குச் செதுக்க வேண்டிய வேலை, நீயாக ஆசைப்பட்டுத் தேடிப் போன வேலை. உங்கள் தலைமை டெக்னீஷியன் கூப்பிட்டு, "உன் கை நடுங்குது, இந்த வேலைக்கு உன் கை சரிப்படாது" என்று சொல்லிவிட்டார், முதல் தேதி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "நான்தான் எதையும் பாதியில விடறவளாச்சேம்மா, நீ சொல்றதுதானே" என்று சிரித்தாய் பார், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் நான் என்ன செய்தேன்? "சரி, உன் இஷ்டம், வந்துடு" என்றேன். மனதுக்குள் இவள் இப்படித்தான் என்றும் நினைத்துக்கொண்டேன். ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். உன் சித்தப்பா தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது இல்லையா, வீட்டில் சித்தியை ஒரு வேலை செய்ய விடுவதில்லையாம். சமையலறை டப்பாக்களை எல்லாம் எடுத்து உயர வரிசைப்படி அடுக்கிவைக்கிறாராம், உப்பு எங்கே என்று அவரைக் கேட்டுத்தான் அவள் சமைக்க வேண்டியிருக்கிறதாம். "ஏதாவது கத்துக்கங்க, எங்கேயாவது போங்க" என்று சித்தி துரத்திவிட்டாள். உடனே இவருக்கு உன் கிட்டார் நினைவுக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அலமாரி மேல் பழைய போர்வையில் சுற்றிக் கிடந்ததை நான் இறக்கிக் கொடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை, அதுவும் தப்புதான். துருப்பிடித்த கம்பியில் ஒரு விரலை வைத்து அமுக்கினார், அமுக்கிய வேகத்திலேயே கையை உதறிக்கொண்டு "அண்ணி, இது கிட்டாரா எலிப்பொறியா?" என்றார். நான் சிரித்துவிட்டு, "அவளும் இப்படித்தான் அழுதா, உங்க குடும்பத்துக்கே விரல் வெண்ணெய்" என்று கேலி வேறு செய்தேன். கம்பியையாவது மாற்றலாம் என்று இரண்டு பேரும் அதைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வாத்தியக் கடைக்குப் போனோம்.

கடைக்குப் பின்பக்கம் ஒரு சின்ன அறை, ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, அதன்மேல் கம்பளித் துணி விரித்திருந்தது. ரிப்பேர் பார்ப்பது ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தாள். சித்தப்பா ரிப்பேர்க்காரர் எங்கே என்று அவளையே கேட்டார். "நான்தான் சார், குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். பழைய கம்பிகளைக் கழற்றிப் புதுக் கம்பி போட்டு முதலில் சுருதி சேர்த்தாள், சுருதியில் நிற்காத கம்பியை அளந்தால் அளவு பொய்யாகிவிடும் என்றாள். பிறகு எங்களை ஒன்றும் கேட்காமல் தானே நாலைந்து இடத்தில் அமுக்கிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "இதுல யார் வாசிச்சாங்க?" என்றாள். என் பெண், அப்போது பன்னிரண்டு வயது என்றேன். எத்தனை நாள் என்றாள். எட்டு மாதம் என்றேன். "எட்டு மாசமா!" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். திருட்டு நகையோடு பிடிபட்டவளைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்குக் குறுக்காக உலோகக் கோடு பதித்திருக்கிறதே, ஃபிரெட், உனக்குத் தெரிந்ததுதான், நான்தான் இந்த வயதில் தெரிந்துகொண்டேன். மேலிருந்து எண்ணிப் பன்னிரண்டாவது ஃபிரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை எத்தனை இடைவெளி என்று ஒரு சின்ன ஸ்கேலை நிறுத்திப் பார்த்தாள். தடித்த கம்பிக்கு ஐந்து மில்லிமீட்டர். "இது ரெண்டரை இருக்கணும் ஆன்ட்டி, மெல்லிசு கம்பிக்கு ரெண்டு போதும்" என்றாள். அடுத்ததாகக் கழுத்து வளைந்திருக்கிறதா என்று, முதல் ஃபிரெட்டில் ஒரு விரலும் கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் ஒரு விரலும் வைத்து ஒரே கம்பியை அமுக்கிக்கொண்டு, நடுவில் தெரிந்த இடுக்கில் விசிட்டிங் கார்டை விடச் சொன்னாள். ஒரு கார்டு போனால் சரியாம். சித்தப்பா நாலு கார்டு விட்டார். கழுத்துக்குள்ளே ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறதாம், அதைச் சாவி போட்டுக் கால் சுற்று திருப்பினாள், சற்றுப் பொறுத்தாள், சுருதி பார்த்தாள், மறுபடி அளந்தாள், மறுபடி கால் சுற்று. அவசரம் என்பதே இல்லை. ஐந்து மில்லி நாலரைக்கு இறங்கிற்று. "இந்த அரை மில்லி இத்தனை வருஷம் சும்மா கிடந்ததால வந்தது. மீதி நாலரை அன்னிக்கே இருந்திருக்கு. சின்னப் பிள்ளைக்கு நாலரைங்கறது அநியாயம் ஆன்ட்டி" என்றாள். புரிகிறதா கண்ணு, நீ வாசித்த நாளிலேயே நாலரை.

ஏன் இத்தனை உயரம் என்று பார்க்கக் கம்பிகளைத் தளர்த்தி, கீழ்ப் பக்கம் கம்பிகள் ஏறி உட்காருகிற வெள்ளை எலும்புத் துண்டை இடுக்கியால் பிடித்து உருவினாள். அதற்கு அடியில் மூன்று மஞ்சள் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியிருந்தன. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை ஒல்லி ஒல்லியாக வெட்டியது. ஒன்றில் 'வருகை' என்ற எழுத்து பாதி தெரிந்தது. எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? உன் கிட்டார் வகுப்பில் கொடுக்கிற வருகை அட்டை, அதே மாதிரி ஒன்றை எட்டு மாதம் உன் பையில் தேடித் தேடி எடுத்து வைத்தவள் நான். மூன்றும் சேர்ந்து இரண்டு மில்லி கனம், அடியில் இரண்டு மில்லி தூக்கினால் பன்னிரண்டாவது ஃபிரெட் பாதித் தூரத்தில் இருப்பதால் அங்கே ஒரு மில்லி தூக்குமாம். "கம்பி ஃபிரெட்ல பட்டுக் கிர்ருனு சத்தம் வந்தா, சரி பண்ணத் தெரியாதவங்க இப்படி அட்டை வெச்சுத் தூக்கிடுவாங்க, சத்தம் போயிடும், வாசிக்கிறவங்க விரல் போறது அவங்களுக்குக் கேக்காது" என்றாள்.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் மாஸ்டர் எல்லாப் பிள்ளைகளின் கிட்டாரையும் வகுப்பிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அது வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் உன் விரல் நுனி கொப்பளித்தது. பாத்ரூம் வாளித் தண்ணீரில் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், நான் தட்டினால் குளிக்கிறேன் என்பாய். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய், எழுதுகிற கை இல்லையே, போனால் போகிறது என்று நான் ஆறுதல் சொன்னேன், என்ன ஆறுதல்! அந்த விழாவுக்குப் பிறகு ஐந்து பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டார்கள். ஐந்து வீட்டிலும் பிள்ளைகளைத்தான் திட்டியிருப்பார்கள். நீ நிற்கவில்லை, அதற்குப் பிறகும் ஐந்து மாதம் போனாய். கடைசியில் மாஸ்டர்தான் என்னை வரச் சொல்லி, உன்னை எதிரிலேயே நிறுத்திக்கொண்டு, "இவளுக்கு விரல்ல வலு இல்லம்மா, முயற்சியும் இல்ல, இடத்தை வேற பிள்ளைக்கு விடுங்க" என்றார். நீ அப்போது மெதுவாக "கம்பி ரொம்ப மேல இருக்கும்மா" என்றாய். சொன்னாயா இல்லையா? சொன்னாய். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாடிப்படி இறங்கும்போதே "சாக்குச் சொல்லாதே, எதையும் பாதியில விடறதே உனக்கு வேலையாப் போச்சு" என்று ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு நீச்சலை விட்டபோதும் அதையே சொன்னேன், சுருக்கெழுத்து வகுப்பை விட்டபோதும் அதையே சொன்னேன். யாராவது வீட்டுக்கு வந்தால் "இவதான் எங்க வீட்டுப் பாதியில விடறவ" என்று சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்துவைத்தேன். நீயும் சிரித்தாய். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. முப்பது வருஷமாகத் தையல் கடை நடத்துகிறேன். நூல் அறுகிறது, தையல் சுருங்குகிறது என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் அவளைத் திட்டியதுண்டா? எழுந்திரு என்று சொல்லி, நானே அந்த மெஷினில் உட்கார்ந்து ஒரு முழம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். பத்தில் எட்டுத் தடவை ஊசி வளைந்திருக்கும், இல்லையென்றால் துணியை அமுக்குகிற பாதம் சரியான உயரத்தில் இருக்காது. என்னிடம் வேலை பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் என்னைப் பற்றிச் சொல்கிற ஒரே நல்ல வார்த்தை இதுதான், அக்கா முதல்ல மெஷினைத்தான் பார்ப்பாங்க என்று. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் செய்த அந்த ஒரு காரியம் என் வயிற்றில் பிறந்தவளுக்குச் செய்யத் தோன்றவில்லை. கிட்டார் என்பது தையல் மெஷின் இல்லையே, அதற்கு மாஸ்டர் இருக்கிறார், அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்ணிடம், பட்டைகளைத் திரும்ப அடியில் வைத்து ஒரு தடவை பழையபடியே கட்டிக் கொடு என்று கேட்டேன். சித்தப்பா "எதுக்கு அண்ணி, கழட்டுனதை மறுபடியும்?" என்றார். பேசாமல் இருங்கள் என்றேன். அவள் கட்டி, சுருதி சேர்த்து என் மடியில் வைத்தாள், அவள் காட்டிய இடத்தில் இடது கை விரல் மூன்றை வைத்து அமுக்கினேன். என் இடது கை விரல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், ஊசி குத்திக் குத்திச் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்ட விரல், இஸ்திரிப் பெட்டியின் சூட்டைத் தொட்டுப் பார்க்கிற விரல். பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் நுனியில் கோடு கோடாகப் பள்ளம். பன்னிரண்டு வயதில், பிஞ்சு விரலை வைத்துக்கொண்டு, ஐந்து மாதம் நீ இதில் தாக்குப்பிடித்திருக்கிறாய். நீ பாதியில் விடுகிறவளாம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், சித்தப்பா பயந்துபோய்த் தண்ணீர் வாங்க ஓடினார்.

வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா, "பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின கதை, அதுக்கு இப்பப் போய் ஸ்கேலைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புவியா?" என்றார். எனக்கு அதுவரை அந்த யோசனை இல்லை. நேற்று சனிக்கிழமை, கடையிலிருந்து ஆறு அங்குல எஃகு ஸ்கேலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அதே மருந்துக் கடை மாடி, அதே மாஸ்டர், முடிக்கு மட்டும் இப்போது சாயம். பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கம்பி உயரம் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். ஏதோ ஆபீஸிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. வரிசையாக ஒவ்வொரு கிட்டாராக வாங்கிப் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஸ்கேலை நிறுத்தினேன். பத்தில் நாலு கிட்டாரில் கம்பி நாலு மில்லிக்கு மேல். அந்த நாலில் ஒன்றை வைத்திருந்த பிள்ளை இரண்டு விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அதுவரைக்கும் நான் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்று மஞ்சள் பட்டைகளையும் எடுத்து, என் பெண்ணின் கிட்டாரில் இருந்தவை என்று அவர் முன்னால் வைத்தேன். முகத்தில் ஈயாடவில்லை. ஒரு பட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "விழாவுல கிர்ருனு சத்தம் வந்தா மானம் போயிடுமேன்னு எல்லாத்துலயும் அட்டை வெச்சேன்மா. முடிஞ்சதும் எடுத்துடணும்னுதான் இருந்தேன். மறந்துட்டேன்" என்றார். மறந்துவிட்டாராம்! குடையை மறந்தது மாதிரி சொல்கிறார். மறந்ததோடு விட்டாரா, அதற்குப் பிறகு விரலில் வலு இல்லை, முயற்சி இல்லை என்று பிள்ளையின் தலையில் கட்டியதும் மறதியா என்று கேட்டேன். "ஆரம்பத்துல கொஞ்சம் வலிச்சாத்தான் விரல் பழகும்மா" என்றார். உங்கள் விரலை இந்தப் பிள்ளையின் கிட்டாரில் வையுங்கள், நான் நூறு எண்ணுகிறேன் என்றேன். வைக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் கீழேயிருந்து மருந்துக் கடைக்காரர் மேலே வந்துவிட்டார், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த இரண்டு அம்மாக்களும் வந்து நின்றார்கள். எல்லோர் எதிரிலும் அந்த ஆள் நிமிர்ந்து என்னை ஒரு கேள்வி கேட்டார். "நான் பண்ணது தப்புதான். நீங்க அவ அம்மா. அவ வலிக்குதுன்னு சொன்னப்ப ஒரு தடவையாவது அந்தக் கிட்டாரை வாங்கி ஒரு விரல் வெச்சுப் பாத்தீங்களா?" என்றார். கேட்க அந்த ஆளுக்கு என்ன உரிமை? ஒரு உரிமையும் கிடையாது. ஆனால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். எதிராளி சொன்னதை நான் ஒப்புக்கொண்டு நீ பார்த்திருக்கிறாயா கண்ணு? நேற்று ஒப்புக்கொண்டேன்.

ஆனால் சும்மா இறங்கி வரவில்லை. வாத்தியக் கடைப் பெண்ணுக்கு அங்கிருந்தே போன் செய்தேன், அடுத்த சனிக்கிழமை அவள் வந்து, பெற்றவர்கள் பார்க்கப் பார்க்கப் பத்துக் கிட்டாரையும் அளந்து சரி செய்வாள் என்று கரும்பலகையில் அவர் கையாலேயே எழுதவைத்தேன். எழுதும்போது சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது, எனக்கு அதில் அற்ப சந்தோஷம்.

உன் கிட்டாரை அவள் சரி செய்துவிட்டாள். பட்டைகளை எடுத்ததும் மூன்றரைக்கு வந்தது. மீதிக்கு, அந்த எலும்புத் துண்டின் அடியில் பென்சில் கோடு போட்டு, கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, அடிப்பக்கத்தை மட்டும் சாய்ந்துவிடாமல் தேய்த்தாள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஒரு மில்லி இறங்க அடியில் இரண்டு மில்லி தேய்க்க வேண்டுமாம், அதை ஒரே மூச்சில் தேய்க்கவில்லை. கொஞ்சம் தேய்ப்பது, வைத்துக் கட்டிச் சுருதி சேர்ப்பது, ஒவ்வொரு ஃபிரெட்டிலும் தட்டிக் கிர் சத்தம் வருகிறதா என்று கேட்பது, மறுபடி கழற்றுவது. தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது ஆன்ட்டி என்றாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது, அவள் தையல் வேலைக்கு வந்திருந்தால் கடையையே கொடுத்திருப்பேன். இப்போது சரியாக இரண்டரை. நான் அமுக்கினேன், வலிக்கவில்லை, சத்தம் வந்தது. சித்தப்பா அப்போதே வீட்டுக்கு எடுத்துப்போக ஒற்றைக் காலில் நின்றார். அது அவளுடையது, அவளைக் கேட்காமல் இறக்கியதே தப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கொடுப்பதும் வைத்திருப்பதும் உன் விருப்பம்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். பல்லைப் பற்றி எனக்கு என்ன தெரியும், வலித்தால் பிடுங்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் மேஜையைப் பற்றித் தெரியும். உன் இடத்தில் உனக்கு முன்னால் இருந்தவர் ஒட்டகச்சிவிங்கி மாதிரி உயரம், மேஜையை அவருக்காகவே தூக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று நீ சேர்ந்த வாரமே சொன்னாய். நீயோ என் தோள் உயரம். அந்த மேஜையில் உன் முழங்கை ஊன்றுகிறதா, இல்லை தோளைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் வைத்து அந்த அரிசி மணியைச் செதுக்குகிறாயா? அந்தரத்தில் நிற்கிற கை யாருடையதாக இருந்தாலும் நடுங்கும், என் கடையில் வந்து பார். நாற்காலியை உயர்த்து, கால் தொங்கினால் அடியில் ஒரு பலகை போடு. விளக்கு உன் கை நிழலையே உன் வேலைமேல் போடுகிறதா என்று பார். அந்தச் செதுக்குகிற கருவி தேய்ந்திருக்கிறதா என்று பார், பக்கத்துப் பெண்ணைக் கேட்டு ஒரு மணி நேரம் அவள் இடத்தில் உட்கார்ந்து அவள் கருவியால் செய்து பார். இத்தனைக்கும் பிறகு நான் சொன்னது தவறாகவும் இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் கை நடுங்கினாலோ, மனது அந்த வேலையில் ஒட்டவில்லை என்றாலோ தாராளமாக எழுதிக் கொடுத்துவிட்டு வா, நானே வந்து உன் பெட்டியை இறக்குவேன், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் நான் பாதியில் விடுகிறவள், அதனால் வருகிறேன் என்று மட்டும் வராதே. அந்தக் காரணம் உன்னுடையது இல்லை, நான் உனக்குக் கொடுத்தது. ஒரு விரல் வைத்துப் பார்க்காமல் கொடுத்தது.

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை, எழுதும் அவசியம் வந்தபோதெல்லாம் சண்டை போட்டுச் சமாளித்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன், என்னை மன்னித்துவிடு. எழுதியதோடு விடப் போவதில்லை. நேற்று மாலையிலிருந்து, உன்னைப் பற்றி யார் யாரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேனோ அவர்களுக்கெல்லாம் போன் செய்து, நான் சொன்னது தவறு, அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் பெரிய அத்தை "இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க?" என்றாள். பண்ணுவேன் என்றேன். ஏழு பேர் முடிந்தது, இன்னும் பதினொரு பேர் இருக்கிறார்கள். உன்னைத்தான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது, நீ எந்த வேலையில் உட்கார்ந்தாலும் அது உனக்கு இசைய வேண்டும் என்று அப்பாவும் நானும் உன்னை வாழ்த்துகிறோம். மறக்காமல் தரையிலிருந்து மேஜை எத்தனை அங்குலம், நாற்காலி எத்தனை, உட்கார்ந்தால் முழங்கை எத்தனையில் நிற்கிறது என்று மூன்றையும் அளந்து எழுது. கண் மதிப்பில் எழுதாதே, டேப் வைத்து அளந்து எழுது.

இப்படிக்கு,
பன்னிரண்டு வருஷம் உன்னைத் தவறாகச் சொல்லித் திரிந்த
உன் அம்மா